பூனாகலை மலையின் மஞ்சட் பூக்கள்: எவை இம்மண்ணுக்குரியவை?

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் மலைப்பாதையின் இருமருங்கிலும், தேயிலைக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட மண்மேடுகளிலும், கைவிடப்பட்ட மலைகளின் ஓரங்களிலும் ஆளுயரத்துக்கு மேல் புதராக வளர்ந்து, உள்ளங்கை அகலத்தில் பூத்து நிற்கும் மஞ்சட் பூவைக் காட்டுச் சூரியகாந்தி என்று அழைத்துப் பழகிவிட்ட நம் மக்கள், அதனை ஊவாவின் இயற்கைச் சம்பத்துகளுள் ஒன்றாகவே எண்ணி வருகின்றனர். அதே மலைச்சரிவில், தேயிலையின் எல்லையைத் தாண்டி, மானாப்புல் அடர்ந்த பத்தனை என்னும் புல்வெளிக்குள் நுழைந்து குனிந்து தேடுவோர்க்கு, விரல்நகத்தளவே அகலமுள்ள வேறு சில மஞ்சட் பூக்களும் தென்படும். அவற்றை நின்று நோக்குவோர் அரியர். பெயர் சொல்லி அழைப்போர் அவரினும் அரியர். பெரியதும் சிறியதுமான இவ்விரு கூட்டமும் சூரியகாந்திக் குடும்பத்தையே சார்ந்தவையாயினும், அவற்றின் பூர்வீகம் ஒன்றன்று. இவற்றுள் எது தொன்றுதொட்டு இம்மலைக்குரியது, எது கடல் கடந்து வந்து சேர்ந்தது, அதனை எவ்விதச் சான்றுகளைக் கொண்டு நிச்சயிப்பது என்னும் விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விசாரணையில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கண்ணெதிரே உள்ள பூ சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்ததுதானா என்பது முதற்கேள்வி. அக்குடும்பத்துள் அது எந்த இனம் என்பது இரண்டாவது. அவ்வினம் இந்நாட்டுக்குரியதா என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் பூவையே பிரித்துப் பார்த்து விடை காணலாம். மூன்றாவதற்கோ பூவை எத்தனை முறை பிரித்தாலும் விடை கிடைக்காது. ஏனெனில் ஒரு செடியின் பிறப்பிடம் அதன் இதழில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதற்குச் செடி நிற்கும் நிலத்தையும், அதன் உறவினங்கள் வாழும் தேசங்களையும், முன்னோர் எழுதி வைத்த தாவரப் பதிவுகளையும் சாட்சிகளாக அழைத்தல் வேண்டும். இம்மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இவ்விஷயத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணமாகும்.

பத்தனையின் இயல்பு

பூவைப் பற்றிப் பேசுமுன் அது பூக்கும் நிலத்தைப் பற்றிப் பேசுதல் முறை. இலங்கையின் மத்திய மலைத்தொகுதிக்குக் கிழக்கே, தென்மேற்குப் பருவமழையின் மறைவில் அமைந்த ஊவாப் பிரதேசத்தில், மேகங்கள் தம் நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளிலே பொழிந்துவிட்ட பின், காற்று மட்டும் மலைமுகட்டைத் தாண்டி வறண்டு கீழிறங்குகின்றது. கச்சான் என்று நம்மவர் கூறும் அக்காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரையிலான மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற மணம் சேர்கின்றது. அதே மாதங்களில்தான் பத்தனைப் புல் காய்ந்து பொன்னிறமாகி, சிறு பொறிக்கும் பற்றி எரியும் பக்குவத்தை அடைகின்றது. ஐப்பசிக்குப் பின் வரும் மழையில் எரிந்த கரியின் ஊடே பசுமை மீண்டும் தலைகாட்டுகின்றது. காய்வதும் எரிவதும் தழைப்பதுமான இச்சக்கரத்துக்கு இசைந்த செடிகளே பத்தனையின் நிரந்தரக் குடிகள்.

இப்புல்வெளிகளைச் சாஸ்திர முறையில் முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவருள் ஹென்றி ஹரால்ட் வெல்ச் பியர்சன் என்னும் ஆங்கிலேயர் தலைசிறந்தவர். பிற்காலத்தில் தென்னாபிரிக்காவின் கிர்ஸ்டன்பொஷ் தாவரத் தோட்டத்தை நிறுவிப் பெயர்பெற்ற இவர், தம் இளமையில் இலங்கைப் பத்தனைகளின் தாவரவியலைப் பற்றி 1899இலும் பின்னரும் எழுதிய கட்டுரைகளில், உயரத்தையும் ஈரத்தையும் அடிப்படையாகக் கொண்டு அவற்றை ஈரப் பத்தனை, உலர் பத்தனை என்று இரு வகுப்பாகப் பிரித்தார். ஏறத்தாழ ஐயாயிரம் அடிக்கு மேல், ஹோட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த மேட்டுநிலங்களில், சிவந்த பூக்களையுடைய காட்டுப்பூவரசு மரங்களுக்கிடையே கிடப்பது ஈரப் பத்தனை. அதற்குக் கீழே, மானாப்புல்லும் தெமேடாப் புல்லும் இலுக்கும் ஓங்கி, இடையிடையே நெல்லி, கடுக்காய், தான்றி, கஹட்ட ஆகிய தடித்த பட்டையுடைய மரங்கள் தீக்குத் தப்பி நிற்பது உலர் பத்தனை. பூனாகலையைச் சூழ்ந்த புல்மலைகள் பெரும்பாலும் இப்பின்னைய வகுப்பைச் சார்ந்தவை. இப்புல்வெளிகள் இயற்கையாகவே அமைந்தனவா, மனிதன் இட்ட தீயாலும் சேனைப் பயிர்ச்செய்கையாலும் காடழிந்து உண்டானவையா என்பது பற்றிப் பியர்சனுக்குப் பின் டி றொசைரோ, ஹோம்ஸ் முதலிய வனவியல் அறிஞர்களும் வாதித்தனர். வாதம் எவ்வாறாயினும், பத்தனைக்கென்று ஒரு தனித் தாவரக் கூட்டம் உண்டென்பதில் அவர்களுக்குள் பேதமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பி பயிரிட வந்த துரைமார் காட்டு மண்ணையே விரும்பினர். பத்தனை மண் சாரமற்றதென்று அதனை ஒதுக்கினர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பின்னரும், தோட்ட எல்லைக்கு வெளியே புல்மலைகள் பல தீண்டப்படாமலே கிடந்தன. அவற்றுட் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கரீபியப் பைனஸ் மரங்கள் நடப்பட்டு மறைந்துபோயிற்று. ஆதலின், இன்று எஞ்சியுள்ள பத்தனைத் துண்டுகளே நம் ஆராய்ச்சிக்கு மூலப்பிரமாணமாக விளங்குகின்றன.

குடும்ப லட்சணம்

இனி முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் நிறம் எந்தக் குடும்பத்துக்கும் ஏகபோக உரிமையன்று. பத்தனையில் மழைக்குப் பின் தரையோடு ஒட்டிப் பூக்கும் நிலப்பனை, ஆறு பிரிவுகளையுடைய மஞ்சள் நட்சத்திரமாகத் தோன்றுவது. ஈர மலைகளில் புதராக வளரும் மைசூர் ஹைபெரிக்கம், ஐந்து பெரிய இதழ்களும் நடுவே எண்ணிறந்த மகரந்தக் கேசரங்களும் உடையது. நுவரெலியாப் பக்கத்தில் முட்புதராகப் பரவிவிட்ட ஐரோப்பியக் கோர்ஸ், அவரைப்பூவின் வடிவுடையது. இவை மூன்றும் தனிமலர்கள். இவற்றைச் சூரியகாந்திக் குடும்பத்தோடு மயங்குதல் தூரத்துப் பார்வையால் நேர்வதேயன்றி, கையிலெடுத்துப் பார்த்தவர்க்கு நேர்வதன்று.

சூரியகாந்திக் குடும்பத்தின் பூவென்று நாம் கூறுவது உண்மையில் ஒரு பூவன்று. ஒரே தட்டில் நெருங்கி அமர்ந்த பல சிறுமலர்களின் சபை. தாவர நூலார் அதனைத் தலைமஞ்சரி என்பர். வெளிவட்டத்தில் இதழ்போல் நீண்டு தோன்றும் ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர்; நடுவில் பொத்தான்போல் செறிந்திருப்பவை குழல் வடிவான நடுச் சிறுமலர்கள். ஒவ்வொரு நடுச் சிறுமலரின் உள்ளும் ஐந்து மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாக நிற்க, அதனூடே சூலகத் தண்டு மேலெழும்போது மகரந்தப் பொடியை வெளியே தள்ளிவிட்டு, பின்னர் இரு கிளையாக விரிகின்றது. மலர்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக முறையே விரிவதால், ஒரே தலைமஞ்சரியில் முற்றியதும் இளையதும் மொட்டும் ஒருங்கே காணப்படும். இத்தனையையும் கீழிருந்து தாங்குவன பூவடிச் செதில்கள். இந்த அமைப்பைக் கண்டால் குடும்பம் நிச்சயம். இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களை உடையதாக மதிக்கப்படும் இப்பெருங்குடும்பத்தில் மஞ்சள் நிறத்தவையே மிகப் பல. ஆகையால் குடும்பத்தைக் கண்டுகொண்ட இடத்தில்தான் உண்மையான சிரமம் ஆரம்பமாகின்றது.

இச்சிரமம் நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடக்கும் பிரெய்ரி என்னும் பெரும்புல்வெளிகளில் சூரியகாந்தி, சில்பியம், ருட்பெக்கியா, கோரியோப்சிஸ், ஹீலியோப்சிஸ் என்று மஞ்சட் கூட்டுப்பூக்கள் டசின் கணக்கில் ஒரே பருவத்தில் பூத்து, தேர்ந்த தாவர அறிஞர்களையும் திகைக்க வைக்கின்றன. அவர்கள் அச்சிக்கலைத் தீர்த்த முறை நமக்கும் பாடமாகும். உதாரணமாக, மெய்யான சூரியகாந்தியில் கதிர்ச் சிறுமலர்கள் மலடு. நடுவிலுள்ளவையே விதை தருவன. சில்பியத்திலோ கதிர்ச் சிறுமலர்களே விதை தருவன, நடுவிலுள்ளவை தருவதில்லை. நிறமும் அளவும் ஒன்றுபோல் தோன்றிய இரு செடிகளை, விதை எங்கே பிடிக்கின்றது என்னும் ஒரே வினாவால் பிரித்துவிட முடிந்தது. பூவின் அழகைப் பார்ப்பதை நிறுத்தி அதன் தொழிலைப் பார்க்கத் தொடங்கிய பின்னரே வேறுபாடு புலப்பட்டது.

பிரித்தறியும் முறை

ஊவாவின் மஞ்சட் கூட்டுப்பூக்களை நான்கு கூட்டமாக வகுத்துக்கொள்ளலாம். தண்டை ஒடித்தால் பால் வடிவதும், தலைமஞ்சரி முழுவதும் நாக்குப்போன்ற மலர்களாலேயே ஆனதும், ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் ஐந்து பற்கள் இருப்பதுமான செடிகள் முதற்கூட்டம். குளிர்ந்த மலைகளின் புற்றரையில் காணப்படும் ஹைப்போகேரிஸ் என்னும் ஐரோப்பியக் களை இதைச் சார்ந்தது. பூவடிச் செதில்கள் பெரும்பாலும் ஒரே வரிசையாகச் சம உயரத்தில் நின்று, காய்களின் தலையில் வெண்மையான மென்தூவி நிறைந்திருந்தால், அது செனீசியோக் கூட்டம். செதில்கள் பல வரிசையாக ஒடுங்கிய ஊசிபோல் அடுக்கப்பட்டு, காய்த் தலையில் தூவியும் இருந்து, பூத்தட்டு வழுக்கையாக இருந்தால், அது இனுலாக் கூட்டம். நான்காவதான சூரியகாந்திக் கூட்டத்திலோ பூத்தட்டு வழுக்கையாக இராது; நடுச் சிறுமலர் ஒவ்வொன்றின் அருகிலும் உமிபோன்ற ஒரு செதில் நிற்கும்; காய்த்தலையில் பட்டுத்தூவி இன்றி, முள்ளோ, சிறு செதிலோ, கிண்ணம்போன்ற விளிம்போ இருக்கும்; இலைகளும் பல இனங்களில் எதிரெதிராக அமைந்திருக்கும்.

ஆகவே, பத்தனையில் ஒரு மஞ்சட் பூவைக் கண்டால், தண்டை ஒடித்துப் பால் வருகின்றதா என்று பார்ப்பதும், தலைமஞ்சரியைக் கவிழ்த்துச் செதில் வரிசையை எண்ணுவதும், பின் அதை நெடுக்காக இரண்டாகக் கிழித்துத் தட்டில் உமிச் செதில் உண்டா என்று நோக்குவதும், முற்றிய காயின் தலையைக் கவனிப்பதும் ஆகிய நான்கு செயல்களைச் செய்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். இதற்குச் சாதாரணப் பூதக்கண்ணாடி ஒன்றும் சவர அலகு ஒன்றும் போதுமானவை.

இப்பரிசோதனையைக் காட்டுச் சூரியகாந்தியின்மேல் செய்து பார்ப்போம். தாவர நூலில் டித்தோனியா டைவர்சிபோலியா என்று வழங்கும் இச்செடியின் கீழ் இலைகள் மூன்று முதல் ஐந்து பிளவாகவும், மேல் இலைகள் பிளவின்றியும் இருக்கும். கசக்கினால் கடுமையான கசப்பு மணம் வீசும். பூக்காம்பைத் தொட்டுப் பார்த்தால், தலைமஞ்சரியை நெருங்க நெருங்க அது பருத்துச் செல்வது விரலுக்கே தெரியும்; அவ்விடத்தை அறுத்தால் உள்ளே வெறுங்குழல். தோட்டத்தில் எண்ணெய்க்காகவும் அழகுக்காகவும் வளர்க்கும் உண்மையான சூரியகாந்தியின் காம்பு இவ்வாறு உட்குடைந்து பருப்பதில்லை. இரண்டையும் பிரிக்க இதனினும் எளிய அடையாளம் இல்லை. தலைமஞ்சரியைக் கிழித்தால், நடுச் சிறுமலர்களுக்கிடையே கூரிய முனையுள்ள விறைத்த உமிச் செதில்கள் நிற்பதையும், கதிர்ச் சிறுமலர்கள் சூலகத் தண்டின்றி மலடாயிருப்பதையும், காயின் தலையில் இரண்டு சிறு முட்களும் அவற்றினிடையே குட்டையான செதில்களும் இருப்பதையும் காணலாம். இவையனைத்தும் இது சூரியகாந்திக் கூட்டத்தையே சார்ந்ததென்பதை ஐயந்திரிபற நிறுவுகின்றன.

இனிச் சிறிய பூக்களுள் ஒன்றை எடுப்போம். வறண்ட திறந்தவெளிகளில் முழங்காலளவு முதல் இடுப்பளவு வரை மெல்லிய தண்டோடு நிமிர்ந்து வளரும் விக்கோவா இண்டிகா, சிங்கள மக்களின் நாட்டு வைத்தியத்தில் ரன்மானிஸ்ஸ என்று பெயர்பெற்ற மூலிகை. இதன் ஈட்டி வடிவ இலைக்குக் காம்பில்லை. இலையின் அடிப்பாகம் இரு செவிமடல்போல் விரிந்து தண்டைத் தழுவிக்கொள்ளும். நூல்போன்ற காம்பின் நுனியில் தனித்து நிற்கும் தலைமஞ்சரியில் கதிர்ச் சிறுமலர்கள் பலவாகவும் மிக ஒடுங்கியனவாகவும் இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் ஊசிபோன்ற செதில்கள் பல அடுக்கு. கிழித்துப் பார்த்தால் உமியற்ற வழுக்கைத் தட்டு. நடுமலர்களின் காய்த் தலையில் மென்தூவி. ஆகவே இது இனுலாக் கூட்டம் என்று உடனே துணியலாம். தூரத்தில் ஒரு குட்டிச் சூரியகாந்தியாகத் தோன்றிய இச்செடி, பெரிய காட்டுச் சூரியகாந்திக்கு நெருங்கிய உறவன்று. இரண்டும் குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள்.

மூனியா ஹெட்டரோபில்லா என்பது இவ்வாராய்ச்சியில் விசேஷ கவனத்துக்குரிய இன்னொரு சிறு செடி. கோரியோப்சிஸின் உறவினமான இது, மலைநாட்டின் நிழலார்ந்த ஓரங்களில் மஞ்சட் பூக்களோடு வளர்வது. எதிரெதிரான இலைகள் ஒரே செடியில் பிளவின்றியும் பலவாறு பிளந்தும் காணப்படும். பேராதனைத் தாவரத் தோட்டத்தை 1821இல் அமைத்து, 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை வெளியிட்டு, மறு ஆண்டே காலஞ்சென்ற அலெக்சாந்தர் மூன் என்பவரின் நினைவாக ஆர்னட் என்னும் அறிஞர் இவ்வினத்துக்கு இப்பெயரைச் சூட்டினார்.

ஈரமான வரப்புகளிலும் நீரோரங்களிலும் படரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். சித்த வைத்தியர் பொற்றலைக் கையாந்தகரை என்று போற்றும் இதனை, வீட்டு முற்றங்களிலும் தெருவோரங்களிலும் அழகுக்காக நடப்பட்டுப் பின் கட்டுக்கடங்காமல் படர்ந்த அமெரிக்க வெடேலியாவோடு மயங்குவோர் பலர். இரண்டும் ஸ்பாக்னெட்டிக்கோலா என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்த நெருங்கிய உறவுகள், இரண்டிலும் தட்டில் உமிச் செதில் உண்டு, இலையும் எதிரெதிரே. ஆயின் நம் மூலிகையின் இலை நீண்டு ஒடுங்கி, விளிம்பில் பற்கள் அரிதாக இருக்க, அமெரிக்கச் செடியின் இலை அகன்று, மூன்று மடலாகப் பிளந்து, மேற்புறம் மினுங்கும். உடலுக்கு மருந்தாகும் செடியை வேறொன்றோடு மயங்குதல் ஆராய்ச்சிப் பிழையோடு நிற்பதன்று என்பதால், இவ்வேறுபாட்டை மருந்துக்குப் பறிப்போர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

பூர்வீகத்தை நிச்சயித்தல்

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதற்கு மூன்று சாட்சிகள் உள. அவற்றுள் முதலாவது எழுத்துச் சாட்சி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன் உலர்த்திச் சேர்த்த செடிகளை ஆதாரமாகக் கொண்டு, லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். அதன்பின் மூனின் பட்டியலும், 1858 முதல் 1864 வரை வெளிவந்த துவைட்ஸின் நூலும், 1893இல் தொடங்கி ஹென்றி டிரைமன் எழுதிவந்து, 1896இல் அவர் மறைந்த பின் ஜோசப் ஹூக்கர் முடித்துவைத்த ஐந்து பாகக் கைந்நூலும், அதன் திருத்திய பதிப்பின் முதற்பாகத்தில் 1980இல் கிரியர்சன் எழுதிய சூரியகாந்திக் குடும்ப விவரணமும் ஒரு சங்கிலியாகத் தொடர்கின்றன. இச்சங்கிலியின் எந்தக் கண்ணியில் ஒரு செடி முதன்முதல் தோன்றுகின்றது, தோன்றும்போது காட்டுச் செடியாகவா தோட்டச் செடியாகவா குறிக்கப்படுகின்றது என்று பார்ப்பது முதற்படி. எனினும் இச்சாட்சி மட்டும் போதாது. போர்த்துக்கேயர் காலத்திலேயே அமெரிக்கச் செடிகள் பல இத்தீவை அடைந்துவிட்டமையால், பழைய பதிவில் இருப்பதனாலேயே ஒரு செடி பூர்வீகமாகிவிடாது.

இரண்டாவது, உறவுச் சாட்சி. டித்தோனியாப் பேரினத்தின் இனங்கள் யாவும் மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் அவற்றை அடுத்த நிலங்களையும் தாயகமாகக் கொண்டவை. அவற்றுள் ஒன்று மட்டும் இலங்கையின் நடுமலையில் தானாகவே தோன்றியிருக்கும் என்று எண்ண இடமில்லை. அது மனிதன் கைபட்டே கடல் கடந்தது. அதற்கு மறுதலையாக, மூனியாப் பேரினமே தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டு வேறெங்கும் இயல்பாகக் காணப்படுவதில்லை. ஆகவே அதன் பூர்வீகத்தைப் பற்றி ஐயமே எழாது. விக்கோவா இண்டிகாவுக்கும், லின்னேயஸ் 1763இல் இனுலா இண்டிகா என்று அதற்குப் பெயரிட்ட காலம் முதல், பாரதமும் அதை அடுத்த நாடுகளுமே வீடு. நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை ஃபைசன் 1915 முதல் எழுதிய நூல்களோடும், மாத்தியு பாதிரியார் 1999இல் வெளியிட்ட பழனிமலைத் தாவர நூலோடும் நம் ஊவாவின் செடிகளை ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு, பாக்குநீரிணையின் இருபுறத்து மலைகளும் ஒரே தாவரக் குடும்பத்தின் இரு கிளைகள் என்பது விளங்காமற் போகாது.

மூன்றாவது, நிலச்சாட்சி. ஒரு செடி எங்கே நிற்கின்றது என்று கேட்டல் வேண்டும். காட்டுச் சூரியகாந்தி, மண் வெட்டிச் சரிந்த மேட்டிலும், தெருவோரத்திலும், கவனிப்பாரற்ற தேயிலையிலும், லயத்துக்குப் பின்புறத்திலும் செழிக்கின்றது. மனிதன் கை படாத பத்தனையின் நடுவே, ஆண்டுதோறும் தீ நடமாடும் இடத்தில், அது அரிது. கொழுந்தெடுப்போரின் படங்கிலே ஒட்டிக்கொண்டு மலைக்கு மலை பயணஞ்செய்யும் பைடென்ஸ் களையும் அவ்வாறே பாதையையும் மலையையும் பற்றி வாழ்வது. பூர்வீகமான சிறு மஞ்சட் பூக்களுட் பலவோ, உழப்படாத புற்றரையில், மானாப்புல்லின் தூர்களுக்கிடையே கிடைக்கும் சிறு இடைவெளியைத் தம் வாழிடமாகக் கொள்கின்றன. இச்சாட்சியும் தனித்து நின்றால் பலவீனமானதே. ஏனெனில் உள்நாட்டுச் செடிகளிலும் பாதையோரத்தை விரும்புவன உண்டு. மூன்று சாட்சிகளும் ஒரே முடிவைக் கூறும்போதுதான் தீர்ப்பு உறுதிப்படுகின்றது. டித்தோனியா, மூனியா ஆகிய இரண்டின் விஷயத்திலும் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றித் தெளிவு. பரவலான சிறு களைகள் சிலவற்றின் விஷயத்தில் அது இன்னும் ஆராய்ச்சிக்குரியது.

இதனால் வரும் பயன்

பிறநாட்டது என்று ஒரு செடியைக் கூறுவது அதைப் பழிப்பதாகாது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்ட தேயிலையும் பிறநாட்டதே. அதற்கு நிழல் தரும் சவுக்கு மரமும் அவுஸ்திரேலியாவின் மரமே. காட்டுச் சூரியகாந்தியும் உபயோகமற்றதன்று. மேற்குக் கென்யாவில் நடந்த ஆராய்ச்சிகள், அதன் உலர்ந்த இலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு தழைச்சத்தும், 0.37 பங்கு மணிச்சத்தும், 4.1 பங்கு சாம்பற்சத்தும் உண்டெனக் காட்டின. நம் தோட்டங்களிலும் அதனை வெட்டித் தேயிலைக்கடியில் பசுந்தாளாக இடும் வழக்கம் உண்டு. ஆகவே நாம் அஞ்ச வேண்டுவது வருகையை அன்று. தான் பரவும் இடத்தில் பிறவற்றை வாழவிடாத பரவலையே. உலகின் மிகக் கொடிய நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில், அமெரிக்க வெடேலியாவும் ஐரோப்பியக் கோர்ஸும் இடம்பெற்றிருப்பது அந்தக் காரணத்தாலேயே.

செடிகளுக்குரிய இந்த அளவுகோலை மனிதர்மேல் வைப்பது பெரும் அநீதி என்பதையும் இவ்விடத்தில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இம்மலைகளைத் தம் உழைப்பால் உருவாக்கிய மக்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையற்றவராக்கிய வரலாற்றை அறிந்தவர்கள், பூர்வீகம் என்னும் கருத்தைத் தாவர சாஸ்திரத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லத் துணியமாட்டார்கள். செடியின் பூர்வீகத்தை நாம் தேடுவது, எந்தச் செடி அழிந்தால் உலகில் வேறெங்கும் அதற்கு ஈடு கிடையாது என்று அறிவதற்காகவே. மெக்சிக்கோவின் டித்தோனியா பூனாகலையில் ஒரு செடிகூட இல்லாமற் போயினும் உலகுக்கு நஷ்டமில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் மூனியாவுக்கு நம் மலைகளில் இடமில்லாது போனால், அதன் உலகில் ஒரு பாதி அழிந்ததாகும். பாதுகாப்பில் எதற்கு முதலிடம் என்னும் கேள்விக்கு விடை இதுவே.

ஆயினும் பாதுகாப்பதற்கு முன் அறிதல் வேண்டும். அறிவதற்குப் பதிவு வேண்டும். ஊவாத் தோட்டங்களின் பாடசாலைகள் ஒவ்வொன்றும், தம் அருகிலுள்ள புல்மலையில் பூக்கும் மஞ்சட் பூக்களைப் பருவந்தோறும் கவனித்து, செடி ஏராளமாக உள்ள இடத்தில் ஒரு கிளையை மட்டும் ஒடித்துப் பழைய பத்திரிகைத் தாளிடையே அழுத்தி உலர்த்தி, எடுத்த தேதியையும், மலையின் பெயரையும், உயரத்தையும், அருகே இருந்த புல்லையும் மரத்தையும், அவ்விடம் கடைசியாக எரிந்த காலத்தையும் எழுதி வைத்தால், பேராதனையின் தேசிய தாவரச் சேகரத்திலுள்ள நூற்றாண்டுப் பழைமையான தாள்களோடு ஒப்பிடத் தக்க ஒரு பொக்கிஷம் உருவாகும். தலைமஞ்சரியை மேலிருந்து மட்டும் படம்பிடிக்கும் வழக்கத்தை விட்டு, அதன் அடிச் செதில்களையும், நெடுக்காகக் கிழித்த தட்டையும், முற்றிய காயையும், அடி இலையையும் படம்பிடித்துச் சேர்த்தால் அப்பதிவின் மதிப்பு பன்மடங்காகும். வழியில் காணும் பூவின் பெயரைக் கேட்கும் குழந்தைக்குக் காட்டுச் செடி என்று பதில் சொல்லி நகர்ந்துவிடாமல், ரன்மானிஸ்ஸ என்றும் பொற்றலைக் கையாந்தகரை என்றும் பெயர் கூறிக் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுக்கும் ஆசிரியர்கள் தோட்டத்துக்கு ஒருவர் இருந்தால், பியர்சனும் டிரைமனும் வெளியிலிருந்து வந்து தொடங்கிய வேலையை, இம்மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தம் சொந்தமொழியில் நிறைவேற்றும் நாள் தொலைவில் இல்லை. எஞ்சியுள்ள பத்தனைகள் ஆண்டுக்காண்டு சுருங்கிவருவதால், அவ்வேலை இத்தலைமுறையிலேயே தொடங்கப்பட்டாக வேண்டும்.